இரவல் சாவி

பல் செய்கிற வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் கைகாட்டிவிடுவார்கள். வாசலில் பலகை எதுவும் கிடையாது. கதவைத் திறந்ததும் வெள்ளைத் தூசிதான் முதலில் கண்ணில் படும். காலையில் துடைத்தால் மதியத்துக்குள் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேசை, நாற்காலி, சுவிட்சு, காலண்டர் ஆணி என்று அது தொடாத இடம் இல்லை. முன்னறையும் அடுத்த அறையும் லேப். அதற்குப் பின்னால் அடுப்படியும் படுக்கிற அறையும். நடுவே தொங்கிய திரைச்சீலையைத் தாண்டித் தூசி போகக்கூடாது என்பது அக்காவின் சட்டம். தூசி அதைக் கேட்டதில்லை.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். ரப்பர் போல இறுகிய அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் பல்வரிசை அப்படியே வந்துவிடும். அதை ஸ்கேனரில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, உடைந்த பல்லின் மேல் மாட்டவேண்டிய கேப்பைத் திரையில் வரைய வேண்டும். வரைந்ததை மெஷினுக்கு அனுப்பினால், சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும் வெள்ளை வட்டிலிருந்து அது பல்லைக் குடைந்தெடுத்துக் கொடுக்கும். அப்புறம் சூளை. அதற்கப்புறம் நிறம்.

பிளாஸ்டரும் சூளையும் லேப்காரர் பொறுப்பு. திரையில் வரைவது அவர் மனைவி. அவளை அக்கா என்று முதலில் கூப்பிட்டது உடன்பிறந்த தம்பி. பிறகு அளவுப்பெட்டி கொண்டுவருகிறவர்கள், ஆஸ்பத்திரிப் பெண்கள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். மேல்பல்லும் கீழ்பல்லும் கடிக்கும்போது எங்கே தொடும், எங்கே தொடக்கூடாது என்று அவள் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் “ம்” என்பாள். பல் முடிந்தபிறகு, “என்ன சொன்னீங்க?” என்று கேட்பாள்.

தம்பிக்குச் சின்ன வயதில் பொடியன் என்று பெயர். ஆள் வளர்ந்து வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம் வந்தபிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அக்கா வீட்டு லேபில் வேலை பழகியபோது தலைமுதல் கால்வரை பிளாஸ்டர் பொடியாகத் திரிந்ததால், புதிதாகப் பார்க்கிறவர்கள் அதற்காகத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாணமானதும் தனியாக லேப் வைக்கிறேன் என்றான். சண்டை எதுவும் இல்லை. டயர் கடைக்குப் பக்கத்தில் இரண்டு அறை பிடித்தான். ஓர் அறையில் வேலை, மற்றதில் குடித்தனம்.

கழற்றி மாட்டுகிற பல்செட்டும் உடைந்ததை ஒட்டுவதுமாகக் கொஞ்சநாள் ஓட்டினான். ஒரு நாள் அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து தட்டில் இருந்த முட்டையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

“டாக்டருங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சதுதான் வேணுங்கிறாங்கக்கா. பழைய ஸ்கேனர் ஒண்ணு கெடச்சிருக்கு. சாஃப்ட்வேருக்குத்தான் வழியில்ல. அது வாங்குற அளவுக்கு நான் எங்க போவேன்?”

“எங்களுது மத்தியானத்துக்கு மேல சும்மாதானடா கெடக்கு. நான் காலையிலயே வரைஞ்சு முடிச்சிடுறேன். சாவிய எடுத்துட்டுப் போ. சாயந்தரம் குடுத்தனுப்பு.”

கட்டைவிரல் அளவு இருக்கும் அது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். கம்பெனி அதை டாங்கிள் என்றது. வீட்டில் எல்லோருக்கும் அது சாவி. சாஃப்ட்வேரை எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் ஏற்றிவைக்கலாம். சாவி இல்லாமல் அது செத்த பிணம்.

“மாமா ஒண்ணும் சொல்லமாட்டாரா?” என்று பொடியன் தயங்கினான்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லேப்காரரின் குரல் வந்தது. “எடுத்துட்டுப் போ மாப்ள. தேஞ்சா போயிடப் போகுது?”

அன்றிலிருந்து மதியம் ஆனால் பொடியனின் மனைவி வந்துவிடுவாள். பேச்சுக் குறைந்த பெண். அண்ணி என்று ஒரு வார்த்தை, கை நீட்டல், அவ்வளவுதான். அக்கா சாவியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள். சில நாள் கூடவே ஒரு கிண்ணம் குழம்பும் போகும். விளக்கு வைக்கிற நேரத்தில் கழுவிய கிண்ணமும் சாவியும் திரும்பி வரும். பொடியனின் கை பழகியது. வரைந்ததைக் கொண்டுவந்து அக்கா வீட்டு மெஷினில் பல்லாக அரைத்துக்கொண்டு போவான். முதலில் செய்த பற்களில் ஒன்றைக்கூட எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பவில்லை என்று அவன் சொன்னபோது, லேப்காரர் தம்மையறியாமல் அவன் தோளில் தட்டிவிட்டு, பிறகு தட்டிய கையைப் பார்த்துக்கொண்டார். அவர் அப்படியெல்லாம் தட்டுகிறவர் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. பிளாஸ்டர் காயாமல் ஈரம் கோத்துக்கொண்டு நின்றது. ஊற்றிய அச்சுகளைச் சூளைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். அப்படியொரு காலையில் அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தால், பல்லுக்குப் பதில் திரையில் ஒரு சாம்பல்நிறக் கட்டம் வந்தது. உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, கம்பெனியைத் தொடர்புகொள்ளவும் என்று அதில் இருந்தது.

“பிடுங்கிச் செருகிப் பாரு” என்றார் லேப்காரர்.

பிடுங்கிச் செருகினாள். அணைத்துப் போட்டாள். ஊதிப் பார்த்தாள். கட்டம் அப்படியே நின்றது.

அடுத்த நாளே கம்பெனி ஆள் வந்துவிட்டான். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா வாங்கி மூலையில் சாய்த்துவைத்தாள்.

“மேடம், உங்க சாவி ரெண்டு கம்ப்யூட்டர்ல ஓடியிருக்கு. ரெண்டாவது, உங்க லேப்ல இருக்குற கம்ப்யூட்டர் இல்ல. நெட்ல சேர்ந்திருக்கும்போது அதுவே எங்களுக்குச் சொல்லிடும்.”

“ஒரே நேரத்துல ஓடலியே” என்றாள் அக்கா. “காலையில இங்க. மத்தியானத்துக்கு மேல என் தம்பி வீட்டுல. ஒரு சாவிதான் இருக்கு. ஒரு சமயத்துல ஒருத்தர்தான் வெச்சிருக்க முடியும்.”

லேப்காரர் தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்திக்கொள்ளவில்லை.

“இரவல் குடுத்தேன். இதுல என்ன தப்பு?”

கம்பெனி ஆள் தலையைக் குனிந்துகொண்டான். “மேடம், இரவல் குடுக்கக் கூடாதுன்னுதான் ஒப்பந்தத்துல இருக்கு. ஆரம்பத்துல சம்மதம்னு அழுத்தியிருப்பீங்க.”

“எல்லாரும் அழுத்துறதுதானே. யாரு படிச்சா?”

“நானும் படிச்சதில்ல மேடம், இந்த வேலைக்கு வர்ற வரைக்கும்.” அவன் சிரிக்க முயன்று விட்டுவிட்டான். “இப்ப நீங்க சொன்னத நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். நீங்களே குடுத்தீங்கன்னு ஆயிட்டா உரிமத்த ரத்து பண்ணிடுவாங்க. திரும்பத் தரமாட்டாங்க. ஆனா உங்களுக்குத் தெரியாம யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா அது வேற. அப்ப நீங்க பாதிக்கப்பட்டவங்க. ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டா ரெண்டு நாள்ல தெறந்து விட்டுருவாங்க.”

“யாரோன்னு எழுதலாமா?”

“யாருன்னு கேப்பாங்க மேடம். அந்தக் கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.”

போகும்போது குடையை மறந்துவிட்டுப் போய், பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டான்.

அன்று மாலை அக்கா வக்கீலம்மாவைப் பார்க்கப் போனாள். அடுத்த தெருவில் வீடு. வக்கீலம்மாவின் கடைவாயில் இருக்கும் பல் அக்கா வரைந்தது என்பதால், கட்சிக்காரர்களை உட்கார வைத்துவிட்டு இவளை உள்ளே கூப்பிட்டாள்.

அக்கா கேட்டதெல்லாம் ஒன்றுதான். “நான் காசு குடுத்து வாங்கின பொருள என் தம்பிக்கு இரவல் குடுக்க எனக்கு உரிமை கெடையாதா?”

“புஸ்தகம்னா உண்டு. வாங்கின புஸ்தகத்த நீ யாருக்கு வேணாலும் குடுக்கலாம். உன் அரைக்கிற மெஷினத் தூக்கிக் குடு, யாரும் கேக்கமாட்டாங்க. இது அப்படியில்ல. சாஃப்ட்வேர நீ வாங்கவே இல்ல.”

“வாங்கலையா? பில்லு இருக்கே.”

“அது உபயோகிச்சுக்கிற அனுமதிக்கான பில்லு. பொருள் அவங்களோடது. காப்பிரைட் அவங்க கையில இருக்கு. இன்னார், இந்த எடத்துல, இப்படி உபயோகிக்கலாம்னு அவங்க சொல்றதுதான். வாடகைக்கு விடாத, இரவல் குடுக்காத, வேற யாருக்கும் மாத்தாதன்னு போட்டிருப்பாங்க. தம்பி கம்ப்யூட்டர்ல ஏத்தினது வேற இருக்கு. அது ஒரு பிரதி. அதுக்கும் அனுமதி இல்ல.”

“அப்ப யாருமே இரவல் குடுக்க முடியாதா?”

“நூலகம் மாதிரி எடத்துக்குச் சில நாட்டுல விலக்கு உண்டு. உன் தம்பி நூலகமில்லையே.” வக்கீலம்மா தானே சொன்ன வேடிக்கைக்குத் தானே கொஞ்சம் சிரித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “வழக்காடலாம். வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் தெறக்காது. தாங்குவியா?”

அக்கா எழுந்து வரும்போது வக்கீலம்மா பின்னாலிருந்து சொன்னாள். “அந்தக் கடிதத்த எழுதுன்னு நான் சொல்லமாட்டேன். அது பொய். எழுதாதன்னும் சொல்லமாட்டேன். உன் பொழப்பு.”

வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேப் மாட்டுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் சீவிவிட்டு அளவு அனுப்பியிருப்பார்கள். கேப் வரும்வரை அந்த மனிதர்கள் குச்சி குச்சியாக நிற்கிற பல்லோடு காத்திருக்க வேண்டும். முன்பற்கள் நாலையும் சீவிக்கொண்ட ஒரு ஆசிரியை வகுப்புக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருக்கிறாள் என்று ஒரு டாக்டர் சத்தம் போட்டார். இன்னொருவர் சத்தம் போடவில்லை. ஆளை அனுப்பி அளவுப்பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். லேபில் வேலைக்கு வருகிற இரண்டு பெண்களும் வந்து, துடைத்த மேசையையே துடைத்துவிட்டுப் போனார்கள்.

“நீ என்ன சொல்ற?” என்று அக்கா புருஷனைக் கேட்டாள்.

அவர் விரல் இடுக்கில் காய்ந்திருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “உன் தம்பி. லேபும் உன் பேர்லதான் இருக்கு. நீ என்ன செஞ்சாலும் சரி.”

“அன்னிக்கு எடுத்துட்டுப் போன்னு சொன்னது நீதான.”

“நான் இல்லேன்னு சொல்லலியே” என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்தது.

பொடியன் மழையோடு வந்தான். விஷயம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. சாவியைச் செருகிப் பார்த்தபோது அவன் கம்ப்யூட்டரிலும் அதே சாம்பல்நிறக் கட்டம். தலையைத் துவட்டிக்கொள்ள அக்கா துண்டு கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டானே தவிர, துவட்டிக்கொள்ளவில்லை.

“அந்தக் கடிதத்த எழுதிக் குடுத்துடு” என்றான்.

“உனக்குப் பைத்தியமாடா?”

“இதுல என்னக்கா இருக்கு? என்கிட்ட என்ன இருக்கு அவங்க எடுத்துட்டுப் போக? ஒரு பழைய ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர். நீ மூடிட்டா ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வரும். உன்கிட்ட வேலை செய்றவங்க வேற. நான் மூடிட்டா நான் மட்டும்தான்.”

“உன் பொண்டாட்டி என்ன சொல்றா?”

“அவகிட்ட என்னத்தக் கேக்கறது.”

“திருடுனேன்னு ஆயிடும்டா.”

“நீ குடுத்தது உனக்குத் தெரியும். நான் வாங்கினது எனக்குத் தெரியும். நடுவுல எவனோ ஒரு கம்பெனிக்காரன் காகிதத்துல என்ன எழுதியிருந்தா என்ன? ஆறு மாசம் போனா யாருக்கு ஞாபகம் இருக்கும்?” அவன் சிரித்தான். “சின்ன வயசுல உன் பென்சிலெல்லாம் கேக்காமத்தான எடுத்துட்டுப் போவேன். அதுக்குச் சேத்து வெச்சுக்க.”

லேப்காரர் எழுந்து சூளைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சூளை அணைந்து கிடந்தது. அதன் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினார்.

“சாப்பிட்டுப் போடா” என்றாள் அக்கா.

“பசியில்ல” என்று சொன்னவன், அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தான். சோறும் அவித்த காயும் இருந்தன. நன்றாகச் சாப்பிட்டான். இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “யோசிச்சுச் செய்க்கா” என்றான். அதை அவன் ஏன் சொன்னான் என்று அக்கா அப்போது யோசிக்கவில்லை. ஆசிரியையின் டாக்டர் மறுபடி போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனி ஆள் கடிதத்தை அடித்தே கொண்டுவந்துவிட்டான். அக்கா படித்துப் பார்த்தாள். தம்பியின் பெயரும் முகவரியும் இருந்தன. என் அனுமதியின்றியும் எனக்குத் தெரியாமலும் என்று இருந்தது.

“திருடுனான்னு எங்கயும் இல்லியே?” என்று கேட்டாள்.

“இல்ல மேடம். அனுமதியில்லாமன்னு மட்டும்தான். அந்த வார்த்தைய நாங்க போடல.”

அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அதன்மேல் அவள் விரலின் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அவன் துடைக்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

இரண்டு நாளில் கம்ப்யூட்டர் திறந்தது. அக்கா தேங்கிப்போன வேலையெல்லாம் வரைந்து தள்ளினாள். ஆசிரியைக்கான நாலு பல்லும் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தன. நன்றாகப் பொருந்தியதாகச் செய்தியும் வந்தது. மதியம் ஆகும்போது வாசல்பக்கம் பார்ப்பாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பொடியனுக்குக் கம்பெனியின் வக்கீல் நோட்டீசு போனது. ஆட்கள் வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். டயர் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். காகிதத்தில் இல்லாத வார்த்தையை ஊர் போட்டுக்கொண்டது. கூடப்பிறந்தவளிடமே திருடினவன் என்றார்கள். பல் மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கழற்றி மாட்டுகிற செட்டுக்குக்கூட அவனிடம் அளவு கொடுக்கவில்லை. வேறு லேப்களில் வேலை கேட்டுப் போனான். ஒரு லேபில் அவனை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்களாம். அவன் எழுந்து வந்துவிட்டான்.

இவையெல்லாம் அக்காவின் காதுக்கு வேறு வாய்களின் வழியாகத்தான் வந்தன. அவன் வரவில்லை. போன் செய்தால் எடுத்து, “வேலையா இருக்கேன்” என்பான். ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி அவளிடமே, “உங்க தம்பியா அக்கா அப்படிப் பண்ணாரு? பாவம் நீங்க” என்றாள். இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு லேப்காரரைப் பார்த்தாள். அவர் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்தார். கரண்டியின் சத்தம் நின்றிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

மழை விட்டு, வெயில் ஏறி, பிளாஸ்டர் ஊற்றிய வேகத்தில் காய ஆரம்பித்த பிறகு ஒருநாள் அக்கா கிளம்பிப் போனாள். டயர் கடைக்குப் பக்கத்து அறைகளில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். பொடியன் குடும்பம் பின்சந்தில் ஒற்றை அறைக்கு மாறியிருந்தது. தம்பி மனைவி மட்டும் இருந்தாள். பாயை விரித்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பொடியன் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் சரக்கு ஏற்றி இறக்கப் போகிறான் என்று சொன்னாள். உள்ளங்கையில் இரண்டு தடவை கிழித்துவிட்டது என்றும் சொன்னாள்.

அக்கா கொண்டுபோயிருந்த பழங்களை எடுத்து வைத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், பாயின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன்மா. அவன்தான் எழுதச் சொன்னான். நீ வேணும்னா கேட்டுப் பாரு.”

“தெரியும் அண்ணி. அன்னிக்கு வந்து சொன்னாரு. எழுதிக் குடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்னு.”

“அப்புறம் ஏம்மா அவன் வர்றதில்ல?”

தம்பி மனைவி பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளில் அவள் அக்காவிடம் ஒருசேர இத்தனை வார்த்தைகள் பேசியதில்லை.

“எழுதச் சொன்னது அவர்தான் அண்ணி. ஆனா நீங்க எழுதமாட்டீங்கன்னு நெனச்சாரு. ராத்திரி படுக்கும்போதுகூடச் சொன்னாரு. சொல்லிட்டு வந்திருக்கேன், அது செய்யாது, லேப மூடினாலும் மூடும், அது என் அக்கான்னு.”

வெளியே டயர் கடையில் யாரோ சம்மட்டியால் இரும்பை அடித்தார்கள். அடித்து நிறுத்தினார்கள். அக்கா அழவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தாள். காலியாக இருந்தது. அப்படியே கீழே வைத்தாள்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது பொடியன் வந்துவிட்டான். கையில் துணி சுற்றியிருந்தது. வாசல்நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தவன், அவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். கோபம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் அதையாவது அவள் பிடித்துக்கொண்டிருப்பாள்.

“வாங்க” என்றான். “எப்ப வந்தீங்க?”

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் அவளை அப்படிக் கேட்டதில்லை.

“இப்பதான்டா” என்றாள் அக்கா.

“மாமா நல்லா இருக்காரா? உக்காருங்க. டீ போடச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, அவன் கைகழுவப் பின்பக்கம் போனான்.